மலைநாட்டுக் குளிரில் முருங்கை வளருமா?

நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கும் லொறிகளில் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் போகின்றன. மேலே ஏறி வரும் லொறிகளில் தேங்காய், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, ரம்பை, தேசிக்காய், வாழைப்பழம், முருங்கைக்காய் வருகின்றன. கொழும்புக்காரர்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறோம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் 2022 ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டுக் குசினியில் இருந்த நிலைமை வேறு. கரட்டுக்குக் குறைவே இல்லை. கறி தாளிக்க ஓர் இணுக்குக் கறிவேப்பிலை கிடையாது.

"வீட்டில் ஒரு செடி வைத்தால் என்ன?" என்று கேட்டால், கேட்ட எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இந்தக் குளிருக்கு அது வராது." அந்த வருடம்தான் எங்கள் உம்மும்மா புத்தளத்திலிருந்து நானுஓயாவுக்கு எங்களோடு இருக்க வந்திருந்தார். அவருடைய பெட்டிக்குள் ஒரு சின்னத் துணி முடிச்சில் முருங்கை விதைகள் இருந்தன. அவற்றைக் கொண்டு வந்தவரும் அவர்தான், நடவிடாமல் தடுத்தவரும் அவர்தான். "எனக்கே இங்க வேர் புடிக்குதில்ல, முருங்கைக்கு எப்பிடி மகள் புடிக்கும்?" என்றார். நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். "வராது" என்பது ஒரு பதில். ஏன் வராது, எதுவரை வரும் என்பது வேறு கேள்வி. சில வருடங்களாக எங்கள் பின்வளவில் சாடிகளையும் பழைய டின்களையும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எங்கள் குளிரின் கணக்கைப் பார்ப்போம். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹற்றன் ஏறத்தாழ 1260 மீற்றர், நானுஓயா 1600 மீற்றருக்குச் சற்று மேல். நுவரெலியா நகரம் 1870 மீற்றர் அளவில் இருக்கிறது. ஒவ்வொரு 100 மீற்றர் ஏறும்போதும் சராசரி வெப்பநிலை 0.65 பாகை செல்சியஸ் அளவில் குறையும். கொழும்பின் ஆண்டுச் சராசரியை 28 பாகை என்று வைத்துக் கழித்துப் பாருங்கள்: கண்டிக்கு 25க்குக் கிட்ட, ஹற்றனுக்கு 20க்குக் கிட்ட, நுவரெலியாவுக்கு 16 என்று வரும். ஹற்றனில் ஓரளவு தழைக்கும் செடி நுவரெலியாவில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்பதற்கு இந்தச் சின்னக் கழித்தலே பாதி விடை.

மீதிப் பாதிதான் முக்கியம். குளிர்நாட்டில் வெப்பநாட்டுச் செடி வளர்ப்பது பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தையும் ஐரோப்பாவையும் நினைத்து எழுதப்பட்டவை. 'ஒக்டோபரில் செடியை வீட்டுக்குள் எடுங்கள், மே மாதத்தில் வெளியே வையுங்கள்' என்பார்கள். அங்கே குளிர் என்பது ஒரு காலம். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே எட்டரை மணித்தியாலத்துக்கும் மேல் வித்தியாசம் இருக்கிறது. மாதக்கணக்கில் வெளிச்சமும் இல்லை, வெப்பமும் இல்லை. எங்களுக்கோ அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஜனவரியில் புல்லின் மேல் துகள் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் அதே நாளில், மத்தியானம் வெயில் முதுகைச் சுடுகிறது. எங்கள் குளிர் காலத்தில் வருவதல்ல, இரவில் வருவது. ஆகவே நாங்கள் ஆறு மாதத்துக்குச் செடியைக் காப்பாற்ற வேண்டியதில்லை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் காப்பாற்றினால் போதும். பகலில் இலவசமாகக் கிடைக்கும் வெப்பத்தை இரவுக்கு எடுத்து வைப்பதுதான் முழு வேலையும்.

எல்லா வெப்பவலயச் செடிகளும் குளிருக்குப் பயந்தவை என்றும் நினைத்துவிடக் கூடாது. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைகளும் வெப்பவலயத்தில்தான் இருக்கின்றன. மலேரியா மருந்தான குயினைன் தரும் சிங்கோனா அங்கிருந்து வந்த மரம். அதை நட்டுப் பார்ப்பதற்காகவே 1861 இல் ஹக்கலைப் பூங்கா தொடங்கப்பட்டது. பேராதனை அந்த மரத்துக்குச் சூடு கூடிய இடம். நாங்கள் வேலியோரம் வளர்க்கும் மரத்தக்காளியும், தோட்டம் தோட்டமாகப் போடும் உருளைக்கிழங்கும்கூட அந்தீஸ்காரர்கள்தான். அவற்றுக்கு எங்கள் மலை சொந்த ஊர் மாதிரி. கரையோரத்திலிருந்தும் வரண்ட வலயத்திலிருந்தும் ஏறி வரும் முருங்கை, ரம்பை, கறிவேப்பிலைக்குத்தான் சிரமம்.

அந்தச் சிரமம் என்னவென்று அறிய எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். காலையில் தலைக்கு வைக்கப் போனால் வெள்ளையாக உறைந்திருக்கும். வெயிலில் வைத்தோ அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோதான் உருக்க வேண்டும். அதே தட்டில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் உறைவதில்லை. தேங்காய் எண்ணெயில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் அதிகம் என்பதே காரணம். தாவரக் கலங்களைச் சுற்றியிருக்கும் மென்சவ்வும் கொழுப்புப் பொருட்களால் ஆனது. குளிர்ப்பிரதேசச் செடிகளின் மென்சவ்வு குளிரிலும் இளகியே இருக்கும். வெப்பப்பிரதேசச் செடிகள் பலவற்றில், வெப்பநிலை 10, 12 பாகைக்குக் கீழே இறங்கினால் மென்சவ்வு இறுகத் தொடங்குகிறது. இறுகிய மென்சவ்வு வெடிப்பு விட்ட வாளி மாதிரி, உள்ளே இருப்பது கசியும். உறைபனி பட்டால்தான் செடி சாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உறையும் நிலைக்கு 10 பாகை மேலேயே முருங்கை வருந்த ஆரம்பித்துவிடுகிறது.

வேருக்கும் இதே கதைதான். குளிர்ந்த மண்ணில் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறும்போது இலை ஆவியுயிர்ப்பைத் தொடங்கும். கீழேயிருந்து தண்ணீர் வராது. செடி துவண்டு தொங்கும். பார்க்கிறவர்களுக்குத் தாகம் என்றுதான் தோன்றும். எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் கறிவேப்பிலை அப்படிப் போனதுதான். வாட வாட அவர் ஊற்றினார், ஊற்ற ஊற்ற அது வாடியது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம், மண் சூடேறும்வரை நிழலில் வையுங்கள். தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் பதினொரு மணிக்குப் பிறகு, குழாயிலிருந்து நேராகப் பிடிக்காமல் வெயிலில் வைத்த வாளித் தண்ணீரை ஊற்றுங்கள்.

இனி இரவு. வாப்பா வாங்கித் தந்த சுவர் வெப்பமானியைப் பின்வளவில் மாட்டி, சுபஹுத் தொழுகைக்கு எழும்பும் நேரத்தில் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அந்த நேரம் இதற்கு மிகவும் பொருத்தமானது, ஏனென்றால் சூரியன் உதிப்பதை ஒட்டித்தான் ஒரு நாளின் மிகக் குளிரான வேளை வருகிறது. அந்தக் கொப்பி எனக்குச் சொல்லித் தந்த ஒரு விஷயம்: மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஜூன், ஜூலை இரவுகளைவிட, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் ஜனவரி, பெப்ரவரி இரவுகளே குளிர் கூடியவை. பகலில் சேர்த்த வெப்பத்தை நிலம் இரவில் கதிர்வீசலாக வானத்துக்கு விடுகிறது. முகில் இருந்தால் அது போர்வை மாதிரி அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். முகில் இல்லாவிட்டால் போனது போனதுதான். தரையை ஒட்டிய காற்று முதலில் குளிரும். ஆகவே ஆள் உயரத்தில் உள்ள வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதே கீழே புல்லில் உறைபனி விழுந்திருக்கும். குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீரைப் போல மலைச்சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடக்கும் நுவரெலியாவில், குதிரைப் பந்தயத் திடல் பக்கம் வெள்ளையாகிவிடும்போது மேட்டில் இருக்கும் வீடுகள் தப்பிவிடுவது இதனால்தான். உங்கள் வளவிலும் தாழ்ந்த மூலையில் செடி வைக்காதீர்கள்.

வெப்பத்தைச் சேமிக்க மூன்று வழிகளைப் பயன்படுத்துகிறேன். முதலாவது சுவர். ஜனவரியில் சூரியன் எங்களுக்குத் தெற்கே சாய்ந்திருக்கும், ஆகவே தெற்கு அல்லது மேற்குப் பார்த்த கல் சுவரோடு சாடியை வைத்தால் இரவு பாதிவரை சுவர் அதற்கு வெப்பம் கொடுக்கும். இரண்டாவது தண்ணீர். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்களைக் கறுப்புப் பூச்சுப் பூசி, தண்ணீர் நிரப்பிச் செடியைச் சுற்றி நிறுத்துகிறேன். ஒரு கிலோகிராம் தண்ணீர் ஒரு பாகை குளிரும்போது 4.2 கிலோயூல் வெப்பம் வெளிவரும். ஒரு போத்தல் 10 பாகை குளிர்ந்தால் 63 கிலோயூல். ஆறு போத்தல் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பௌதிகவியல் பாடம் வீட்டில் பிரயோசனப்பட்டது அபூர்வம் என்பதால் இந்தக் கணக்கை உம்மாவிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். அவருடைய கவலையெல்லாம் கறுப்புப் பூச்சு பட்ட என் உடுப்பைப் பற்றித்தான்.

மூன்றாவது மூடுதல். இதைப் பலரும் செய்கிறார்கள், ஆனால் செடியின் கழுத்தில் கயிறு கட்டிச் சாக்கை முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெரிய பயன் இல்லை. செடி சுயமாக வெப்பம் உண்டாக்குவதில்லை. வெப்பம் மண்ணிலிருந்து மேலே வருகிறது. மூடும் சாக்கு நிலம்வரை இறங்கினால்தான் அது உள்ளே தங்கும். மூன்று தடியை ஊன்றி, இலையில் முட்டாதபடி கூடாரம் மாதிரிப் போட வேண்டும். பொலித்தீன் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். மஃரிபுக்கு முன், மண்ணில் சூடு இருக்கும்போதே மூடிவிட்டு, மறுநாள் பனி உலர்ந்ததும் எடுத்துவிடுவது என் பழக்கம். வெயில் ஏறிய பிறகும் பொலித்தீனுக்குள் இருந்தால் செடி அவிந்துவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரையான மழைக்கு இந்த உபாயங்கள் உதவாது. அப்போது எதிரி ஈரம். தேயிலை பயிரிட்ட மண்ணில் அமிலத்தன்மை கூட இருப்பது வேறு; தேயிலைக்கு அது நல்லது, முருங்கைக்கு ஆகாது. (எங்கள் மலையில் முருங்கை என்றால் தேயிலைக்கு நிழல் தரும் முள்முருங்கைதான் பலருக்கும் ஞாபகம் வரும். அது வேறு குடும்பம், அதில் காய் தேடாதீர்கள்.) நான் தோட்ட மண்ணோடு மணலும் தும்புத்தூளும் உக்கிய பசளையும் கலந்து, ஒரு சாடிக்கு ஒரு பிடி டொலமைட் அல்லது அடுப்புச் சாம்பல் போடுகிறேன். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, மழை மாதங்களில் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுவேன்.

விதை முளைப்பதற்குச் செடி வளர்வதைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். குளிர்நாட்டில் வெப்பநாட்டு விதை முளைக்க வைத்ததில் உலகப் பிரசித்தமான கதை ஒன்று எங்கள் நாட்டோடு தொடர்புடையது. 1876 இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டு போகப்பட்டன. அங்கே சூடேற்றிய கண்ணாடி வீடுகளில் 2,700 அளவில்தான் முளைத்தன. அந்த வருடமே 1,900க்கு மேற்பட்ட நாற்றுகள் கப்பலில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவை நடப்பட்டன. கடலுப்பிலிருந்தும் குளிர்காற்றிலிருந்தும் நாற்றுகளைக் காத்தது வார்டு பெட்டி. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்டுபிடித்த, மூடிய கண்ணாடிப் பெட்டி அது. செடி வெளியிடும் நீராவி கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே சொட்டும். வெயில் உள்ளே போகும், குளிர்காற்று போகாது. அடி வெட்டிய ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலை ஒரு நாற்றின் மேல் கவிழ்த்தால் உங்களிடமும் ஒரு வார்டு பெட்டி இருக்கிறது. பகலில் அதன் மூடியைக் கழற்றி வைத்தால் போதும்.

கொச்சிக்காய் விதை 25 முதல் 30 பாகைக்குள் நன்றாக முளைக்கும். ஒரே பழத்தின் விதைகளில் பத்தை யோகட் கப்பில் போட்டு அடுப்புக்கு மேலுள்ள தட்டிலும், பத்தை விறாந்தையிலும் வைத்தேன். தட்டில் இருந்தவற்றில் எட்டு இரண்டு வாரத்துக்குள் முளைத்தன. விறாந்தையில் இருந்தவற்றில் ஒன்று மட்டும் ஐந்தாவது வாரம் எட்டிப் பார்த்தது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்துக்கு மேலான இடமும் நல்லது. மீன் வரும் ரெஜிபோம் பெட்டிக்குள் வெந்நீர்ப் போத்தலோடு வைத்தாலும் சரி. முளைத்தவுடன் வெளிச்சத்துக்குக் கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் நூல் மாதிரி நீண்டு விழும்.

சூட்டில் முளைத்ததை அப்படியே வெளியே வைக்கவும் முடியாது. இதைத் தோட்டத்து மக்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். தேயிலைத் தவறணையில் ஓர் இலைக் குச்சிகளைப் பொலித்தீன் பைகளில் நட்டு, நிழலில் மூடி வளர்த்து, பிறகு நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்கிய பின்தான் மலைக்கு அனுப்புகிறார்கள். என் நாற்றுகளுக்கும் முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று ஏறத்தாழ இரண்டு வாரப் பழக்கம் கொடுக்கிறேன்.

இனி எது என்ன செய்தது என்று சொல்கிறேன். கொச்சிக்காய்தான் வெற்றி. இரவு 15 பாகைக்குக் கீழே போகும் மாதங்களில் பூக்கள் உதிர்கின்றன, பெரிய காய் வகை அநேகமாகக் காய்ப்பதில்லை. சின்னக் காய் வகை தாக்குப்பிடிக்கிறது. பலரும் காய்த்து முடிந்ததும் பிடுங்கிவிடுகிறார்கள். கொச்சிக்காய் பல வருடம் வாழக்கூடிய செடி. வெட்டிவிட்டுப் பாதுகாத்தால் அடுத்த ஏப்ரலில் திரும்பத் துளிர்க்கும். ரம்பைக்கு விதை தேவையில்லை, தாய்ச்செடியின் பக்கக் கன்று போதும். நிழலையும் ஈரத்தையும் பொறுக்கும் என்பதால் அதைக் குசினி ஜன்னலுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். மெதுவாகத்தான் வளர்கிறது, ஆனால் இந்த வருட நோன்புக் கஞ்சிக்கு ரம்பை கடையில் வாங்கவில்லை. கறிவேப்பிலை பிடிவாதக்காரி. ஜனவரியில் மஞ்சளாகி இலை உதிர்த்துச் செத்தது போல நிற்கும். தண்ணீரைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் மார்ச் கடைசியில் துளிர் வரும். பழுத்த விதையைக் காய விடாமல் உடனே போட வேண்டும், வைத்திருந்தால் முளைக்காது. தென்னை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அலங்காரத்துக்கு என்றால் வையுங்கள்.

முருங்கை. புத்தளத்தில் கிளையை வெட்டி நட்டாலே பிடிக்கும். இங்கே குளிர்ந்த ஈர மண்ணில் தடி அழுகிவிடுகிறது. விதையிலிருந்து வந்த கன்றே வேர் பிடித்தது. உம்மும்மா கொண்டு வந்த விதையில் மூன்று முளைத்தன, ஒன்று ஜூலை மழையில் போனது, மற்ற இரண்டும் கறுப்பு வாளிகளில் சுவரோடு நிற்கின்றன. என் தோள் உயரம் தாண்ட விடாமல் வெட்டி வைக்கிறேன். காய் கிடைக்கும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், மழை ஓய்ந்த பிறகு கொஞ்ச நாளும் இலை பறிக்கலாம். முதல் தடவை சுண்டியபோது உம்மும்மா சாப்பிட்டுப் பார்த்து, "புத்தளத்து வாசம் இல்ல" என்றார். பிறகு இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னார். இப்போது மாலையில் சாக்குப் போடுவது அவர்தான். நான் டியூஷன் முடிந்து வரும்போது கூடாரம் தயாராக இருக்கும்.

எல்லாவற்றையும் சாடியிலேயே சொல்கிறேனே என்று கேட்கலாம். நகர்த்த வசதி என்பது ஒரு காரணம். இன்னொன்றை டியூஷன் வகுப்பில் ஒரு தோழி சொன்னபோதுதான் யோசித்தேன். அவள் வீடு தோட்டத்து லயத்தில். லயத்துக்கு முன்னால் அவர்கள் பண்படுத்தும் துண்டு நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், அவர்களுக்கு அல்ல. வேண்டும் என்று சொன்னால் விட்டுக் கொடுக்க வேண்டும். 'வீட்டுத் தோட்டம் செய்யுங்கள்' என்று சொல்லும் சுவரொட்டிகள் வீட்டுக்காரருக்கு நிலம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கின்றன. மூன்று வருடத்தில் பலன் தரும் மரத்தை நாளை யாருடையதென்று தெரியாத மண்ணில் யார் நடுவார்? பெயின்ற் வாளியும் உரப்பையும் அவள் வீட்டோடு போகும். அவளுக்குக் கொடுத்த இரண்டு கொச்சிக்காய்க் கன்றும் இப்போது லயத்து வாசல் படியில் காய்க்கின்றன. அங்கே பக்கச் சுவர்கள் நெருக்கமாக இருப்பதால், எங்கள் வளவைவிட அவள் வாசல் இரவில் சூடாக இருக்கிறது என்பதும் உண்மை.

தொடங்க நினைப்பவர்கள் பெப்ரவரி கடைசியில் விதையை அடுப்புத் தட்டில் போடுங்கள். மார்ச்சில் பழக்கி, உறைபனிப் பயம் தீர்ந்த ஏப்ரலில் வெளியே வைத்தால், மே மழை வருவதற்குள் வேர் சாடியைப் பிடித்திருக்கும். கறுப்பு வாளிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், வெள்ளை வாளியின் வெளிப்பக்கம் அடுப்புக்கரி பூசினாலும் சூடு பிடிக்கும். மழையில் கழுவுப்பட்டால் திரும்பப் பூசுங்கள்.